விதிகள் பேசும் விளையாட்டுகள்

பிள்ளைகள் விளையாடும் கணினி விளையாட்டில் ரத்தம் தெறிக்கிறதா, ஆபாசம் வருகிறதா என்று பார்க்கிறோம். பார்க்க வேண்டியதுதான். ஆனால், எதைச் செய்தால் புள்ளி கிடைக்கிறது, எதைச் செய்யவே முடியாது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒரு விளையாட்டு தன் கருத்தை மனத்தில் பதிப்பது இந்த விதிகளின் வழியாகத்தான் என்கிறார் அமெரிக்க ஆய்வாளர் இயன் போகோஸ்ட். 2007இல் வெளிவந்த அவருடைய 'பெர்சுவேசிவ் கேம்ஸ்' நூலின் மையக் கருத்து அது.

அமெரிக்க ராணுவம் 2002 ஜூலை 4 அன்று, தன் நாட்டுச் சுதந்திர தினத்தில், 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. இளைஞர்களை ராணுவத்தின் பக்கம் ஈர்ப்பதே நோக்கம். அதை மறைக்கவும் இல்லை. இரண்டு அணிகள் துப்பாக்கியுடன் மோதும். நீங்கள் எந்த அணியில் இருந்தாலும் உங்கள் திரையில் நீங்கள்தான் அமெரிக்க வீரர், எதிரே இருப்பவர் எதிரி. அவருடைய திரையிலோ அவர் அமெரிக்க வீரர், நீங்கள் எதிரி. மறுபக்கத்தில் நின்று பார்க்க யாருக்கும் இடமில்லை. ஒரு வரி பிரசாரம்கூடத் தேவைப்படவில்லை! 2022 வரை இது இயங்கியது.

இதற்கு நேர் எதிரானது, உருகுவே நாட்டின் கொன்சாலோ ஃபிராஸ்கா 2003இல் உருவாக்கிய 'செப்டம்பர் 12'. மத்தியக் கிழக்கு ஊர் ஒன்று. வீதியில் பெண்களும் குழந்தைகளும் நடமாடுகிறார்கள், இடையே சில ஆயுததாரிகள். உங்கள் கையில் இருப்பது ஏவுகணை. குறிபார்த்து அழுத்தினாலும் அது சற்றுத் தாமதித்தே விழும். அதற்குள் ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள்; வீடு இடியும், அப்பாவிகள் சாவார்கள். ஜனாஸாவின் அருகே அழுகிறவர்களில் சிலர் ஆயுததாரிகளாக மாறுவார்கள். சுடச் சுட அவர்கள் பெருகுவார்கள். வெற்றி என்று எதுவும் கிடையாது.

போரைக் கேள்வி கேட்கும் இந்த விளையாட்டிலும் நமக்கு ஒரு நெருடல் உண்டு. அந்த ஊர் மக்கள் வாய் திறப்பதில்லை. துக்கம் அவர்களிடம் கொண்டுவரும் ஒரே மாற்றம் ஆயுதம் எடுப்பதுதான். பொறுமை காப்பவருக்கோ நீதி கேட்பவருக்கோ அங்கே விதி எழுதப்படவில்லை.

இவையெல்லாம் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து இரண்டு சுற்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும். வயது முத்திரை இதைச் சொல்லாது. 'அமெரிக்காஸ் ஆர்மி'க்கு அமெரிக்காவில் கிடைத்த முத்திரை, 13 வயது முதல் ஆடலாம் என்பது.