கொலாபாவின் குறிப்பேடு

2024 மே 10 இரவு, சூரியப் புயலால் லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. செய்தியறிந்து மறுநாள் சாந்திபுரத்தில் வடதிசை நோக்கி நின்றேன். துருவ ஒளி தெரியவில்லை. தென்னிந்தியர்க்கு இப்புயல்களின் வரலாறு வானில் அன்று, ஏட்டிலேயே உள்ளது.

1859 செப்டம்பர் 1இல் இங்கிலாந்தில் காரிங்டன் சூரியப் பிழம்பொன்றைக் கண்டார். மறுநாள் புயல் தாக்கியபோது, இலண்டனை அடுத்த கியூ ஆய்வகத்தின் பதிவுகோடு அளவெல்லையைக் கடந்துவிட்டது. பம்பாயின் கொலாபா ஆய்வகத்திலோ பணியாளர் சில நிமிடங்களுக்கொருமுறை அளவுகளைக் கண்ணால் பார்த்துக் குறித்தனர். புவிகாந்தக் கிடைவிசை ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா சரிந்திருந்தது. 2003இல் அறிஞர்கள் அக்குறிப்புகளைக் கொண்டே புயலின் வலிமையை மதிப்பிட்டனர்.

கருவிமுன் விழித்திருந்ததும் வான்நோக்கலே. பழைய அளவீட்டு ஏடுகளை வெறும் எண்களென ஒதுக்கினால், இத்தகைய சான்றுகளை இழப்போம்.