எம்.டி.க்குப் பிறகு எந்தத் துறை? இளம் வைத்தியர்களின் தெரிவும் மாத்தளையின் தேவையும்

தம்புள்ளையில் இருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் சுமார் 72 கிலோமீற்றர். மாத்தளை நகரத்தில் இருந்து சுமார் 25 கிலோமீற்றர். மாவட்டத்தின் நோயாளர்கள் பலர் இந்த வீதியால் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ போகிறார்கள். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையும் தம்புள்ளை ஆதார வைத்தியசாலையும் இருக்கும்போது ஏன் இந்தப் பயணம் என்று கேட்டால், "அதற்குரிய நிபுணர் அங்கேதான் இருக்கிறார்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

அந்த நிபுணர் எப்படி உருவாகிறார்? எந்தக் கட்டத்தில் தனது துறையைத் தெரிவு செய்கிறார்? அந்தத் தெரிவில் அவருக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது? உள்ளகப் பயிற்சியை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் வைத்தியர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் பயன்படும் விதத்தில் இந்தக் கட்டுரை அந்தப் பாதையை விளக்குகிறது.

'பெலோஷிப்' என்றால் என்ன?

இந்தச் சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. அமெரிக்காவில் ரெசிடென்சியை முடித்தவர் இதயநோய், சிறுநீரகநோய் போன்ற நுண்துறைகளில் பெறும் மேலதிகப் பயிற்சியே பெலோஷிப். இந்தியாவில் அதற்கு நிகரான முக்கிய பாதை 3 வருட டி.எம்., எம்.சி.எச். பட்டங்கள். இவற்றைத் தவிர வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பட்டமேற்படிப்பை முடித்தோருக்கான குறுகிய கால பெலோஷிப்களும் உண்டு. பிரித்தானியாவில் எப்.ஆர்.சி.பி. என்பது அனுபவம் மிக்க மருத்துவருக்கு அரச கல்லூரி வழங்கும் அங்கீகாரம். அது ஒரு பயிற்சிக் காலம் அல்ல.

இலங்கையில் இவற்றில் எதுவும் அப்படியே பொருந்தாது. இங்கு நுண்துறைப் பயிற்சி தனியாக விண்ணப்பிக்கும் ஒன்றல்ல. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1980 முதல் இயங்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்தும் ஒரே நீண்ட பாதையின் இறுதிப் பகுதி அது. எனவே வெளிநாட்டுப் பெலோஷிப் பற்றி இணையத்தில் வாசிக்கும் ஆலோசனைகளை அப்படியே இங்கு பின்பற்ற முடியாது.

பாதையின் படிகள்

5 வருட எம்.பி.பி.எஸ்., அதன்பின் 1 வருட உள்ளகப் பயிற்சி, இலங்கை மருத்துவ சபையின் முழுப் பதிவு என்பவை முதற்கட்டம். பெரும்பாலான துறைகளில் அதன்பிறகு குறைந்தது ஒரு வருடமாவது சேவையாற்றியிருந்தால்தான் தெரிவுப் பரீட்சைக்குத் தோற்றலாம். இந்தப் பரீட்சைகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன.

தெரிவானவர்கள் ரெஜிஸ்ட்ராராகப் போதனா வைத்தியசாலைகளில் பயிற்சி பெற்று எம்.டி. பரீட்சைக்குத் தோற்றுவார்கள். அதில் சித்தியடைந்ததும் சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம் ஆரம்பிக்கும். பொது மருத்துவம் போன்ற துறைகளில் இது பெரும்பாலும் 2 வருடங்கள்: ஒரு வருடம் உள்நாட்டில், ஒரு வருடம் வெளிநாட்டில். நுண்துறைகளில் இதைவிட நீளும். இறுதி மதிப்பீட்டில் தேறியபின் நிபுணர் சான்றிதழ் கிடைக்கும். பரீட்சைகளுக்கும் நியமனங்களுக்குமான காத்திருப்பையும் சேர்த்தால், பலர் நிபுணராகும்போது முப்பதுகளின் நடுப்பகுதியைக் கடந்திருப்பார்கள்.

இங்கு பலர் தாமதமாகவே விளங்கிக்கொள்ளும் விடயம் ஒன்று உண்டு. பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர் இதயநோய், நரம்பியல், சிறுநீரகவியல், அகஞ்சுரப்பியியல் போன்றவற்றில் எதற்குப் போகலாம் என்பது எம்.டி. பரீட்சையில் அவர் பெற்ற தரவரிசையில் தங்கியிருக்கிறது. இடங்கள் குறைவு, முன்னால் இருப்பவர் முதலில் எடுப்பார். ஆகவே ஒரே ஒரு துறையை மட்டும் மனதில் வைத்திருப்பவர் பட்டியல் வெளிவரும் நாளில் சிக்கிக்கொள்வார். இரண்டாவது, மூன்றாவது விருப்பங்களையும் முன்கூட்டியே சிந்தித்து வைத்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. பட்டப்பின் கற்கையில் அது கிடையாது. மாத்தளையில் இருந்து மருத்துவ பீடத்துக்குப் போன மாணவர் நிபுணராகி மாத்தளைக்கே திரும்புவார் என்பதற்கு முறைமையில் எந்த உத்தரவாதமும் இல்லை.

எதை வைத்துத் தெரிவு செய்வது?

முதலாவது கேள்வி, அந்தத் துறையின் அன்றாட வேலை. இரவில் எத்தனை தடவை அழைப்பு வரும், ஐம்பது வயதிலும் அதைச் செய்ய முடியுமா என்பதை அத்துறையில் இருப்பவர்களுடன் சில கிழமைகள் வேலை செய்து பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இரண்டாவது, கருவிகளில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது. இதயக் குழாய் சிகிச்சைக்கு அதற்கான ஆய்வுகூடம் வேண்டும். அது இல்லாத வைத்தியசாலையில் அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி பயனற்றுப் போகும். நீரிழிவையும் அகஞ்சுரப்பி நோய்களையும் பார்ப்பவருக்கோ வலிதணிப்புப் பராமரிப்பில் இருப்பவருக்கோ மாவட்ட வைத்தியசாலையிலும் முழுமையாக வேலை செய்ய வாய்ப்புண்டு.

மூன்றாவது, வெற்றிடங்கள். அனுமதிக்கப்பட்ட ஆளணியில் அந்தத் துறைக்கு எத்தனை பதவிகள் உள்ளன, எங்கே உள்ளன என்பதைச் சுகாதார அமைச்சின் பட்டியல்களில் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஊரின் தேவை. மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ, காரணம் கண்டறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய பிரதேசங்களில் ஒன்று. 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் அவதானிக்கப்பட்ட இந்த நோய் பெரும்பாலும் விவசாயக் குடும்பங்களையே தாக்குகிறது. குருதி சுத்திகரிப்புக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை போகவேண்டிய ஒருவருக்குத் தூரம் என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ பக்கத் தோட்டங்களிலோ பிரச்சினை வேறு. அங்குள்ள நோயாளி தனது வருத்தத்தைத் தமிழில் சொல்கிறார். அதைக் கேட்டு விளங்கும் நிபுணர் இல்லாவிட்டால் பாதி விபரம் மொழிபெயர்ப்பிலேயே தொலைந்துவிடும்.

வெளிநாட்டு வருடம்

பெரும்பாலானோருக்கு மிகவும் கடினமான கட்டம் இதுதான். பிரித்தானியாவின் மருத்துவப் பயிற்சித் திட்டம் பலர் பயன்படுத்தும் வழி. அதன் உச்சக் காலம் 24 மாதங்கள். அரச கல்லூரி போன்ற ஒரு அமைப்பு அனுசரணை வழங்கினால் பிளாப் பரீட்சை தேவைப்படாது. ஆனால் ஆங்கிலத் தகைமை அவசியம்: ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7.0, அல்லது ஓ.ஈ.ரி. பரீட்சையின் ஒவ்வொரு பகுதியிலும் 'பி' தரம். இலங்கை மருத்துவ சபையின் நன்னடத்தைச் சான்றிதழ், பட்டத்தின் உறுதிப்படுத்தல், விசா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஆவணங்களுக்கே பல மாதங்கள் போகும். எம்.டி. பெறுபேறு வரும்வரை காத்திராமல் ஆங்கிலப் பரீட்சைக்கான ஆயத்தத்தையாவது முன்னரே தொடங்குவது நல்லது. ஆனால் அதன் பெறுபேற்றுக்குக் காலாவதி உண்டு என்பதால் பரீட்சைக்குத் தோற்றும் திகதியைக் கணக்கிட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

இடத்தை ஏற்றுக்கொள்ளுமுன் மூன்று விடயங்களைக் கேட்டறியுங்கள். நோயாளரை நேரடியாகப் பார்த்து, சத்திரசிகிச்சை அல்லது செயன்முறைகளைச் செய்ய விடுவார்களா, அல்லது பார்வையாளராக மட்டும் நிற்கவேண்டுமா? சம்பளம் யார் தருவது? உங்கள் துறைக்கான கற்கைச் சபை அந்த இடத்தை முன்கூட்டியே அங்கீகரிக்குமா? பெயர்பெற்ற வைத்தியசாலையில் வெறுமனே நிற்பதை விட, அதிகம் அறியப்படாத இடத்தில் கைப்பழக்கம் பெறுவதே மாவட்ட வைத்தியசாலையில் தனியாக முடிவெடுக்க வேண்டியவருக்கு உதவும்.

புறப்படுமுன் கையொப்பமிடும் உடன்படிக்கையையும் வரி வரியாக வாசிக்க வேண்டும். திரும்பி வந்து குறித்த காலம் சேவையாற்றுவதாக வைத்தியர் வாக்களிக்கிறார். மீறினால் பணம் செலுத்த வேண்டிவரும், பிணையாளிகளும் பாதிக்கப்படுவார்கள். பிணைக்குக் கையொப்பமிடும் உறவினரும் நண்பரும் இதை அறிந்தே கையொப்பமிட வேண்டும்.

திரும்பி வருவார்களா?

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கேள்வி கூர்மையாகியிருக்கிறது. ரூபாயின் வீழ்ச்சி, வரிச்சுமை, மருந்துத் தட்டுப்பாடு ஆகியவற்றைக் கண்டவர்களில் பலர் வெளிநாட்டிலேயே தங்கத் தீர்மானித்தார்கள். அவர்களைத் துரோகிகள் என்று திட்டுவது சுலபம். ஆனால் 15 வருடத்துக்கு மேல் படித்துவிட்டு வருபவருக்கு விடுதி, பிள்ளைகளுக்குப் பாடசாலை, வேலை செய்யக் கருவி, துணைக்கு ஒரு சக நிபுணர் இவற்றில் எதைத் தருகிறோம் என்ற கேள்விக்கு அமைச்சும் மாகாண நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும். கடமை நேரத்துக்குப் பின்னரான தனியார் வைத்தியமும் நிபுணர்களைப் பெரிய நகரங்களை நோக்கியே இழுக்கிறது.

எம்.டி. பாதை எல்லோருக்கும் உரியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பப் பொறுப்பாலோ வயதாலோ அதைத் தொடர முடியாதவர்களுக்குக் குடும்ப மருத்துவம் போன்ற துறைகளில் பட்டப்பின் டிப்ளோமாக்கள் இருக்கின்றன. ஒரு பிரதேச வைத்தியசாலையில் நீரிழிவையும் உயர் குருதி அழுத்தத்தையும் நேரத்தோடு கண்டுபிடித்து ஒழுங்காகக் கட்டுப்படுத்தும் வைத்தியர், பிற்காலத்தில் கண்டி வீதியில் ஓடவேண்டிய பல அம்பியுலன்ஸ்களை இன்றே நிறுத்துகிறார். தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன் இந்த வழியையும் ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.