பழைய ராணுவ லோரி வாங்கலாமா?

தைப்பூசத்துக்கு அன்னதானச் சாமான் ஏத்த பழைய ராணுவ லோரி ஒன்னு மலிவா வருது, வாங்கலாமான்னு பல பேர் கேக்கிறீங்க. உண்டியல் பணம் என்பதால் இந்த லோரிகளோட வரலாற்றையும் பார்த்தோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லோரிகள் ஏராளம். ஏஇசி மேட்டடோர் பீரங்கி இழுக்கச் செய்தது. 7.58 லிட்டர் டீசல் எஞ்சின், நாலு சக்கரமும் இழுக்கும். போருக்குப் பிறகு பிரிட்டனில் அதுவே மரம் இழுத்தது. நம்ம நாட்டுக் காடுகளிலும் பாலாக் ஏத்தினது இந்த மாதிரி ராணுவ லோரிகள்தான். சீனர்கள் 'சன் தாய் வோங்', அதாவது மலை ராஜான்னு பேர் வச்சாங்க. மலாய்க்காரர்களுக்கு 'லோரி ஹந்து'. பேய் லோரி! பார்த்தவங்களுக்குத் தெரியும், பேர் சரிதான்.

நமக்கு வந்திருப்பது பெட்ஃபோர்ட் ஆர்எல். 1953-ல் வந்த ரகம். 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர், அதுவும் பெட்ரோல். சேறு, மேடு ஏறத்தான் அதை அவ்வளவு உயரமா செஞ்சாங்க. சோத்து அண்டாவை அந்த உயரத்துக்குத் தூக்கப்போறது யாரு? நம்ம தொண்டர்களில் பாதிப்பேர் அறுபது தாண்டினவங்க. கோயில் வாசல் வரை தார் ரோடு வேற. சேசிஸ் துரு, பிரேக், உதிரி பாகம் எல்லாம் பார்த்து, புஸ்பகோம் சோதனையும் தாண்டணும்.

எங்க கருத்து, வேண்டாம். தாழ்வான மூணு டன் டீசல் லோரி ஒன்னு விசாரிக்கிறோம். ஞாயிறு பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல பேசுவோம், மாற்றுக் கருத்து உள்ளவங்க அவசியம் வாங்க.