கடல் கடந்து கற்ற கைத்திறன்

சென்னையில் ரசாயனம் பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் கோடை விடுமுறையில் விமானமேறி, அயல்நாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு மூன்று மாதம் பயின்று திரும்புவது இந்நாளில் பெரும் வியப்பன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் அது நடவாத காரியம். இங்கிலாந்துக்குக் கப்பற் பயணமே ஏறத்தாழ மூன்று வாரம். போகவும் வரவுமே விடுமுறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே, சென்றவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கக் கருதியே சென்றார்கள். அவர்களுள் ஒருவர் டி. ஆர். சேஷாத்ரி.

காவிரிக்கரையிலுள்ள குளித்தலையில் 1900-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1917-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். மயிலாப்பூரில் நிலைபெற்றிருந்த ராமகிருஷ்ண மிஷனாரின் பொருளுதவி அவர் படிப்புக்குத் துணைநின்றது. பட்டம் பெற்றபின் ஓராண்டு அம்மிஷனிலேயே பணியாற்றினார். நன்றியறிதல் என்றே இதனை நான் கொள்ளுகிறேன். பின்னர்ப் பேராசிரியர் பி. பி. டேயிடம் ஆராய்ச்சி பயின்று, 1927-இல் அரசாங்க உபகாரச் சம்பளத்துடன் மான்செஸ்டருக்குச் சென்றார்.

அங்கே ராபர்ட் ராபின்சன், மலர்களுக்குச் செம்மையும் நீலமும் அளிக்கும் நிறப்பொருள்களைச் செயற்கையாக ஆக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அவரிடம் 1929-இல் டாக்டர் பட்டம் பெற்ற சேஷாத்ரி, உடனே கப்பலேறிவிடவில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிரிட்ஸ் பிரெகலிடம் சிறிது காலம் தங்கினார். இன்றைய கோடைப் பயிற்சிக்கு மிக நெருங்கியது இக்குறுகிய வாசமே. இதுவே நாம் நின்று நோக்கத்தக்கது என்பேன்.

ஒரு பொருளில் கரியும் ஹைட்ரஜனும் எவ்வளவு உள்ளன என்றறிய, அதனைப் பிராணவாயுவில் எரித்து, உண்டாகும் கரியமில வாயுவையும் நீரையும் நிறுப்பார்கள். பழைய முறைக்கு ஒரு கிராமில் பத்திலொரு பங்குக்குக் குறையாமல் பொருள் வேண்டும். மலர்களிலிருந்து பிரித்தெடுக்கும் நிறப்பொருளோ அற்ப சொற்பம். கூடைப் பூவை வடித்துக் கிடைத்ததை ஒரே சோதனைக்கு எரித்துவிட்டால் பிறகு ஆராய்வதற்கு என்ன மிஞ்சும்? பிரெகல் நுண்ணிய தராசும் சிறு கருவிகளும் அமைத்து, சில மில்லிகிராம் போதுமென்று செய்து காட்டினார். 1923-இல் நோபல் பரிசு அவருக்கு வாய்த்தது இதற்காகவே. இது புத்தகம் படித்து வருவதன்று. வல்லவர் அருகில் நின்று கை பழக வேண்டிய வித்தை.

எடின்பரோவிலும் சில காலம் பயின்று, 1930-இல் தாயகம் திரும்பினார். கோயம்புத்தூரில் மண் ஆய்வுப் பணி. 1934 முதல் வால்டேரில் ஆந்திர சர்வகலாசாலை. 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் அங்கத்தினராக்கியது. வால்டேரில் அவரும் மாணாக்கரும் எடுத்துக்கொண்ட பொருள்கள் எவை? பருத்திப் பூ, புளிச்சைப் பூ, பூவரசம் பூ! பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத சிறுவர் நம்மில் சிலரே. மஞ்சளாய் மலர்ந்து வாடுகையில் சிவக்கும் அதன் பூவிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த நிறப்பொருள், அம்மரத்தின் தாவரவியற் பெயரையொட்டிப் பாப்புல்னின் எனப் பெயர் பெற்றது.