ஐட்லிங் ஸ்க்ரூ காணாமல் போன கதை

ஓடும்போது கார் ஒழுங்காக ஓடும். பிரேக் போட்டு நின்றதும் படபடவென்று நடுங்கி அணைந்துவிடும். "ஐட்லிங் சரியில்லை" என்பார் மெக்கானிக். இந்தச் சின்னக் கோளாறுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது!

பெட்ரோல் முழுதாக எரிய வேண்டுமென்றால் 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பல பத்தாண்டுகளாக இந்தக் கலவையைச் செய்துவந்தது கார்புரேட்டர். அதில் ஐட்லிங் வேகத்துக்கு ஒரு ஸ்க்ரூ, கலவைக்கு ஒரு ஸ்க்ரூ. மெக்கானிக்குக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் நல்ல காதும் போதும். பிளக்கில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இந்தத் தொழிலை நம்பி ஆலைகளும் வந்தன. ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் கூட்டில் யூகால் 1985-ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டதே கார்புரேட்டர் செய்யத்தான்.

வெளிநாட்டில் அதற்கு முன்பே காற்று வேறு பக்கம் வீசத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் உருவாக்கிய மின்னணு இன்ஜெக்ஷன் 1958 கிரைஸ்லர் கார்களில் வந்து தோற்றது. ஜெர்மனியின் போஷ் அந்த யோசனையை எடுத்துத் திருத்தி, 1967-ல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வைத்தது. 1974-ல் எல்-ஜெட்ரானிக் வந்தது. முன்னது உறிஞ்சுகுழாயின் அழுத்தத்தை அளக்கும். பின்னது உள்ளே போகும் காற்றையே அளக்கும்.

இங்கேதான் பழைய அனுபவம் காலை வாரிவிடும். ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிகிறது என்று வையுங்கள். எல்-ஜெட்ரானிக்கில் அந்தக் காற்று கணக்கில் வராது. கலவை மெலிந்து எஞ்சின் நின்றுபோகும். டி-ஜெட்ரானிக்கிலோ அழுத்தம் கூடுவதால் பெட்ரோலும் கூடி, ஐட்லிங் எகிறும். ஒரே ஓட்டை, இரண்டு நோய்! எஞ்சின் வெப்பத்தைச் சொல்லும் சென்சாரின் வயர் அறுந்தாலோ, எஞ்சின் குளிர்ந்து கிடப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும், கரும்புகை வரும். இவற்றைப் பார்க்காமல் ஸ்க்ரூவைத் திருகினால் ஒரு கோளாறு இரண்டாகும்.

இந்தியாவில் மாற்றத்தைக் கொண்டுவந்தது புகை. 1995-ல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. கலவை பிசகினால் அது கெட்டுப்போகும். 1999-ல் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளை உச்ச நீதிமன்றம் விரைவுபடுத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ 1998-லேயே எம்.பி.எப்.ஐ-யோடு வந்திருந்தது. மாருதி 800-க்கு அது 2000-ல் கிடைத்தது.

அன்றைய அந்தப் புதுமைக் கார்களுக்கே இன்று 25 வயது தாண்டிவிட்டது. ரப்பர் குழாய் விறைத்து வெடிக்கிறது, திராட்டிலில் கரி அடைக்கிறது. முதலில் காற்றுக் கசிவு, பிறகு திராட்டில், பிறகு வயரும் சென்சாரும், கடைசியில்தான் கம்ப்யூட்டர் என்று வரிசையாகப் பார்த்தால் பாதிச் செலவு மிச்சம்.

இது கார் வைத்திருப்பவர் கவலை மட்டும் அல்ல. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின் பெரும்பாலான புதிய பைக்குகளிலும் இன்ஜெக்ஷன்தான். தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரம் போன்ற சிற்றூருக்கும் அது வந்துவிட்டது. அங்குள்ள மெக்கானிக்கின் காது இன்றும் தேவை. ஆனால் அந்தக் காது இனி கேட்க வேண்டியது ஸ்க்ரூவின் பேச்சை அல்ல, 'உஸ்' என்று கசியும் காற்றை!