'மே'யா, 'ஷாலா'? ஒரு துணைவினையின் வரலாறு

ஆங்கில ஆசிரியராக நான் வேலை பார்த்த காலத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத பாடம் எது என்று கேட்டால், 'மாடல்ஸ்' என்றுதான் சொல்வேன். கேன், மே, மஸ்ட், ஷால், ஷுட், ஹேவ் டு என்று வரிசையாக வரும் துணைவினைகள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் எதையாவது ஒன்றைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் 'வேண்டும்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் குடும்பமே நடத்திவிடுகிறோம். எனக்குத் தண்ணீர் வேண்டும்; மருந்து வாங்க வேண்டும்; பெரியவர்களை மதிக்க வேண்டும்; வரி கட்ட வேண்டும். ஆசை, தேவை, அறம், சட்டம் நான்குக்கும் அதே சொல். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வினை தேட வேண்டியிருக்கிறது.

பள்ளிப்பட்டில் பாடம் நடத்துவதில் ஒரு வசதி உண்டு. இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து, திருத்தணியோடு சேர்ந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்றும் பல வீடுகளில் பேச்சு தெலுங்கில்தான். 'நீ போக வேண்டாம்' என்றால் தமிழில் இரண்டு பொருள் வரும்: போகாதே என்றும் கொள்ளலாம், போகும் அவசியமில்லை என்றும் கொள்ளலாம். தெலுங்கில் 'அக்கர்லேது' என்றால் அவசியமில்லை. 'கூடது' என்றால் தடை. "அக்கர்லேதுக்கு நீட் நாட், கூடதுக்கு மஸ்ட் நாட்" என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு 'வேண்டியதில்லை', 'கூடாது' என்ற இரண்டும் கைகொடுக்கும்.

ஆனால் 'மே', 'ஷால்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரியவைக்க இந்த வைத்தியம் போதவில்லை. அதற்கு நான் துணைக்கு அழைத்தது நம் மாநிலத்தின் வரலாற்றை.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 343-வது பிரிவு, இந்தியை மத்திய அரசின் ஆட்சிமொழி ஆக்கியது. ஆங்கிலத்துக்கு 15 ஆண்டு அவகாசம் தந்தது. கெடு முடியும் நாள் 1965 ஜனவரி 26. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் நேரு 1959-இல் மக்களவையில் உறுதி சொன்னார். வாய்ச்சொல் சட்டமாக வேண்டுமே! 1963-இல் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ஆட்சிமொழி மசோதாவைக் கொண்டுவந்தார். கெடு முடிந்த பிறகும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது அதன் மூன்றாவது பிரிவு. ஆங்கில வாசகத்தில் இருந்த வினை 'மே'.

அந்த 'லாம்' விகுதியில்தான் சண்டை. 'பயன்படுத்தலாம்' என்றால் பயன்படுத்தாமலும் இருக்கலாம் அல்லவா? 'மே' என்பதை எடுத்துவிட்டு 'ஷால்' என்று போடுங்கள் என்று தி.மு.க. கேட்டது. அண்ணா அப்போது மாநிலங்களவை உறுப்பினர். அங்கே இதற்காக வாதாடினார். அப்படி ஐயப்பட வேண்டியதில்லை என்பது நேருவின் நிலை. சொல் மாறாமலே சட்டம் நிறைவேறியது.

1964 மே மாதம் நேரு மறைந்தார். உறுதி தந்தவர் போய்விட்டார், தாளில் 'மே' மட்டும் இருந்தது. 1965 ஜனவரியில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். தீக்குளிப்பு, துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு என்று அந்த நாட்களின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் போராட்டத்துக்குக் காரணங்கள் பல. ஒரு துணைவினை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தில் கட்டுப்பாடு இல்லை என்ற அச்சம் அதில் பெரும் பங்கு வகித்தது. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். பிரதமராக இருந்த சாஸ்திரி, நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்று வானொலியில் பேசினார்.

1967-இல் இங்கே ஆட்சி மாறியது. அந்த ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. எடுத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம்: மூன்றாவது பிரிவின் முதல் வாக்கியத்தில் 'மே' இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் கீழே, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு வைத்துக்கொள்ளும் தொடர்புக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்று 'ஷால்' போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். அந்த மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டு, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டால் ஒழிய இந்த ஏற்பாட்டை நீக்க முடியாது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதுவேன். "இதில் யார் கையில் பிடி இருக்கு, சொல்லு" என்பேன். 'மே' வாக்கியத்தில் செய்கிறவர் கையில். 'ஷால்' வாக்கியத்தில் கேட்கிறவர் கையில். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இலக்கண விதி தனியாகத் தேவைப்படவில்லை. நீதிமன்றங்கள் சில சட்டங்களில் 'மே' என்பதையும் 'ஷால்' என்றே படிக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்ததுண்டு. ஆனால் அதற்கு வழக்குப் போட வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கக் காசும் வேண்டும்.

பதினைந்து வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சியாளராகப் போகிறார்கள். பழைய மாணவன் ஒருவன் அப்படி வந்த ஒரு கம்பெனிக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தான். "சார், ஒரு வருஷம் டிரெயினிங் முடிஞ்சதும் வேலை நிரந்தரம்னு வீட்டுல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்றான். கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து, "வினையை மட்டும் படிப்பா" என்றேன். பயிற்சியாளர் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற இடத்தில் 'ஷால்'. நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற இடத்திலும் 'ஷால்'. வேலைக்குப் பரிசீலிக்கப்படலாம் என்ற இடத்தில் 'மே'.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ எல்லாக் கட்டும் எனக்குத்தான் சார்" என்றான்.

பயிற்சிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை, அவனும் போனான். ஆனால் அந்த ஒரு வருடமும் வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தான்.