பிறனும் அண்ணனும்

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் நியாயசாத்திரி ஒருவன் இயேசுவிடம் தொடுக்கும் வினா, பழைய தமிழாக்கத்தில் 'பிறன்' என்னும் சொல்லால் அமைந்துள்ளது. தானல்லாத அயலானைக் குறிக்கும் இச்சொல், ஈண்டு அன்பிற்குரியவனைக் குறிக்கின்றது. சமாரியன் கதையோ வினாவையே திருப்பிவிடுகின்றது: அன்பு பெறத்தக்க பிறன் யார் என்பதன்று, அடிபட்டுக் கிடந்தவனுக்குப் பிறனாய் நின்றவன் யார் என்பதே அதன் முடிவு. அங்ஙனம் நின்றவன் யூதர்க்கு அயலானான சமாரியன் என்பது கருதத்தக்கது.

இக்கருத்து வாழ்வாக மலர்ந்த இடம் ஒன்று தருமபுரிக்கு அண்மையில் உண்டு. அது திருப்பத்தூர். 1911 வரை இவ்விரு வட்டங்களும் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தனவே; தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். திருப்பத்தூரில் 1921ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியோர் இருவர்: தமிழரான சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காத்லாந்தினரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். மருத்துவர்களாகிய இவர்கள் கதருடுத்து, மணம் புரியாது, ஏழை நோயாளர்க்குப் பணிபுரிந்தனர். ஆசிரமத்து வழிபாட்டிடமும் திராவிடக் கோயிற் பாணியிலேயே எழுந்தது.

ஜேசுதாசன் 'பெரியண்ணன்' என்றும் பேட்டன் 'சின்னண்ணன்' என்றும் அழைக்கப்பெற்றனர். இப்பெயர்களே நம் ஆய்வுக்குரிய சான்று. ஈவோன், ஏற்போன் என்னும் வேறுபாடு நிற்குமளவும் இரக்கம் மேலிருந்து கீழ்நோக்கியே பாயும். உறவுப்பெயர் அவ்வேறுபாட்டைக் குறைக்கின்றது. கடல் கடந்து வந்த அயலான் ஒருவன் தம்பிமுறை பூண்டு நின்றபோது, 'பிறன்' என்னும் சொல் தன் பொருளை நிறைவாகப் பெற்றது எனலாம்.